அணையாத பெட்டி

காலையில் எழுந்ததும் ஜெபக்குமார் முதலில் கூடத்து மூலைக்குப் போய், அங்கிருக்கும் பழைய கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. சூடு மிதமாக இருந்தால் முகம் மலரும். "அணையாம ஓடிக்கினு கீது அண்ணாத்த" என்று ஜன்னல் வழியே எனக்குச் சொல்வார். எத்தனை நாளாக என்பதையும் சொல்வார். நான் பக்கத்து வீட்டுக்காரன். நடுவே ஒரு ஆள் நுழையும் சந்துதான். கேட்காமல் தப்பிக்க வழியில்லை.

சதுரங்கப்பட்டினத்திலேயே வீட்டுக்குள் சர்வர், அதாவது படங்களையும் கோப்புகளையும் சேர்த்துவைத்துக் கேட்கும்போது அனுப்பும் கம்ப்யூட்டர், வைத்திருப்பவர் அவர் ஒருவர்தானாம். இதைச் சொன்னவரும் அவரே. கல்பாக்கத்தில் எலக்ட்ரீஷியன் வேலை. கம்ப்யூட்டர் ஞானம் முழுவதும் யூடியூப். செங்கல்பட்டில் காயலான் கடையில் கிடந்த பெட்டியை வண்டியில் கட்டிக் கொண்டுவந்தார். பதினெட்டு வயதுப் பெட்டி. இன்றைய மலிவான போனில் இருப்பதில் கால்வாசி மெமரிகூட அதற்குக் கிடையாது.

அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்ற மூன்று ஞாயிறு போயின. முதல் ஞாயிறு, பெட்டி பென்டிரைவை மதிக்கவே இல்லை. வெற்று சிடி தேடி ஊரெல்லாம் அலைந்தார். அடுத்த ஞாயிறு பொருந்தாத பதிப்பை ஏற்றப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திட்டினார். மூன்றாவது ஞாயிறு கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மினுக்கியது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இவ்வளவுதானா என்றேன்.

"சர்வருன்னா படம் கிடம்லாம் இருக்காது அண்ணாத்த. வெவரம் தெரிஞ்சவனுக்கு இதுவே போதும்."

கடற்காற்றின் உப்பில் பெட்டிக்குள் இருந்த விசிறி துருவேறி நின்றுபோயிருந்தது. புதிது மாட்டியிருக்கலாம். இவர் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டார். மேலே தொங்கும் ஃபேன் சித்திரையிலிருந்தே ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் வீடு!

அவர் மனைவி ஜாய்ஸ் மணப்பெண் அலங்காரம் செய்பவர். கல்பாக்கம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ரூம் பிடித்து பார்லர் வைக்க வேண்டும் என்பது ஜாய்ஸின் ஆசை. அதற்குப் பெரிய ஆர்டர் ஒன்று வரவேண்டும்; ஆர்டர் வர, இதுவரை அலங்கரித்த பெண்களின் படங்களைக் காட்ட வேண்டும். அந்தப் படங்களையெல்லாம் ஜெபக்குமார் சர்வரில் ஏற்றி, போனிலிருந்து அழித்தும்விட்டார். "போன்ல இருந்தா காணாம பூடும் ஜாய்ஸு. இதுல போட்டா கல்வெட்டு மாரி."

போன வெள்ளிக்கிழமை திருப்போரூரிலிருந்து எல்லம்மாள் என்றொரு அம்மா வந்தார். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மகள்களுக்குக் கல்யாணம். ஜெபக்குமார் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். மனைவிக்கு ஒத்தாசை செய்ய அல்ல, சர்வர் வேலை செய்வதை நாலு பேர் பார்க்கத்தான். நாலில் ஒருவனாக என்னையும் உட்கார்த்தி வைத்தார்.

பெட்டியிலிருந்து ஜாய்ஸின் போனுக்குப் படங்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன. எல்லம்மாளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. முந்தானையால் விசிறிக்கொண்டே பார்த்தவர், "இன்னாம்மா, ஃபேனு மூலையப் பாத்துகினு கீது?" என்று எழுந்து அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஜெபக்குமார் வாயைத் திறந்தார். ஜாய்ஸ் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ஏழாவது படத்தில் நெற்றிச்சுட்டி வந்தது, புருவம் வந்தது, அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. சூடு தாங்காமல் பெட்டி அணைந்துபோயிருந்தது.

"அஞ்சு நிமிஷம் ஆறட்டும்" என்றார் ஜெபக்குமார். அரை மணி நேரம் ஆயிற்று. திடீரென்று அணைந்தால், எழுந்ததும் தன்னைத்தானே முழுக்கச் சோதித்துவிட்டுத்தான் அது வேலையைத் தொடங்குமாம்.

எல்லம்மாள் செருப்பை மாட்டினார். "பாதி மூஞ்சியப் பாத்து ரெண்டு பொண்ண எப்பிடிம்மா ஒப்படைக்கறது? மாபலிபுரத்துல ஒருத்தி கீறாளாம். அங்கயும் பாத்துட்டு சொல்றேன்." இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

ஜாய்ஸ் வாசலிலேயே நின்றார். கழுத்தெல்லாம் வியர்வை. "இது அமைஞ்சா ரூமப் பேசி முடிச்சிடலாம்னு இருந்தேன்" என்றார். எனக்கு ஜெபக்குமாரை ஓங்கி ஒன்று விடலாமா என்று இருந்தது.

ஜெபக்குமார் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "நாப்பத்தோரு நாளு போச்சே" என்றார். பிறகு எட்டி, டேபிள் ஃபேனைப் பெட்டியின் பக்கமே திருப்பி வைத்தார்.