நெடுக வெட்டா, சின்ன வெட்டா

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுப்போனவை. ஒருவருக்கும் குறை வைக்கவில்லை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆகையால் இதை ஆறுதலாக, எழுத்தெழுத்தாகத்தான் எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் கொட்டாஞ்சேனை வீட்டில் யன்னல் சீலை கழற்ற ஸ்டூலில் ஏறினேன். அது சரிய, பின்புறம் அடிபட நிலத்தில் விழுந்தேன். எங்கள் ஒழுங்கையில் எலும்பு என்றால் முதலில் முறிவு வைத்தியரிடம்தான் போவோம். வெள்ளவத்தையில் இருக்கும் மூத்த மகன் ஓடிவந்து, வத்தளைப் பக்கம் ஒருவரிடம் ஓட்டோவில் கொண்டுபோனான். அவர் இலை அரைத்து, சூடாகப் பத்துப் போட்டு, முதுகை இறுக்கிக் கட்டினார். கை முறிந்தவர்களுக்கு அது சரிவந்ததைக் கண்டிருக்கிறேன். ஆனால் இது முள்ளந்தண்டு. நாலாம் நாள் எழும்ப முடியவில்லை. கட்டை அவிழ்த்தால் நடு முதுகில் உள்ளங்கை அளவுக்குத் தோல் வெந்திருந்தது.

பிறகுதான் எக்ஸ்ரே படம் எடுத்து, டொக்டரிடம் போனோம். வாசலில் வைத்து மகன் சொன்னான்:

"பத்துப் போட்டதைக் கதைக்காதேங்கோ அம்மா. சுடுதண்ணிப் போத்தல் பட்டதெண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி ஏசுவார்."

"என்னையோ, உன்னையோ?"

அவன் என் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளினான்.

டொக்டர் படத்தைக் காட்டினார். ஒரு எலும்பு முன்பக்கம் நசுங்கி இருந்தது. அதற்கு மேலும் கீழும் திருகாணி பூட்டிக் கம்பியால் இணைக்க வேண்டுமாம். நடு முதுகை நெடுக வெட்டி, சதையை விலக்கி, கண்ணால் பார்த்துப் பூட்டலாம். அல்லது இரு பக்கமும் சின்ன வெட்டுகள் போட்டு, எக்ஸ்ரேயில் பார்த்தபடி பூட்டலாம்.

"கால் விறைக்குதோ அம்மா?"

"இல்லை. கால் என்ர சொல்லுக் கேக்குது. முதுகுதான் கேக்குதில்லை."

நரம்பு நசிந்திருந்தால் திறந்துதான் ஆகவேண்டும், உங்களுக்கு அது இல்லை என்றார்.

என் கவலை வேறு. நான் எழும்பி நடக்காவிட்டால் கொட்டாஞ்சேனை வீட்டைப் பூட்டிவிட்டு, என்னைத் தன் மூன்றாம் மாடி வீட்டில் வைத்திருப்பதென்று மகன் முடிவு செய்திருந்தான். மகன் நல்லவன்தான். ஆனால் அவன் வீட்டில் நான் விருந்தாளி.

"திறந்தே செய்யுங்கோ டொக்டர்," என்றான் மகன். "கண்ணால பாக்காமல் என்னெண்டு பூட்டுறது?"

"மீன் வெட்டக் குடுக்கிற மாதிரிக் கதைக்காதை. முதுகு என்ர," என்றேன். டொக்டரைக் கேட்டேன், எது நல்லம் என்று.

"நாள் போகப் போக ரெண்டும் ஏறக்குறைய ஒண்டுதான் அம்மா. சின்ன வெட்டில ரத்தம் போறது குறைவு, சதைக்கும் சேதம் குறைவு, கெதியா எழும்பலாம். ஆனா கனக்க எக்ஸ்ரே எடுக்கவேணும். எல்லா முறிவுக்கும் சரிவராது. எங்க, முதுகைக் காட்டுங்கோ."

மகன் என் தோளை அமத்தினான். நான் சட்டையைத் தூக்குமுன்னரே சொன்னேன்:

"பத்துப் போட்டு வெந்துபோச்சு டொக்டர். கொண்டுபோனதும் இவர்தான், மறைக்கச் சொன்னதும் இவர்தான்."

டொக்டர் ஏசவில்லை. புண்ணைச் சுற்றி விரலால் அளந்தார். "நெடுக வெட்டினா இந்தப் புண்ணுக்குள்ளாலதான் கத்தி போகும். கிருமி போய்த் திருகாணியில பிடிச்சா பெரிய கரைச்சல். அப்பிடி வெட்டுறதெண்டா புண் ஆறுமட்டும் கிழமைக்கணக்கா படுத்திருக்கவேணும். சின்ன வெட்டு எண்டா, ரெண்டு பக்கமும் நல்ல தோல் இருக்கு."

"அப்ப அதைச் செய்யுங்கோ," என்றேன். மகனிடம் கேட்கவில்லை. சம்மதக் கடதாசியில் கையெழுத்துப் போட அவன் பேனையை எடுத்தான். வாங்கி நானே போட்டேன். எழுத்துக் கொஞ்சம் ஆடினது, ஆனால் என் பெயர்தான்.

சில நாள் புண்ணைக் கழுவி மருந்து கட்டிய பிறகு செய்தார்கள். நோகவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். இரண்டாம் நாள் இடுப்பில் பட்டி கட்டி, கட்டில் விளிம்பைப் பிடித்து எழும்பி நின்றேன். மூன்றாம் நாள் தாதி பக்கத்தில் வர, நானே நடந்து கழிவறைக்குப் போனேன். மகன் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு மாதம் கழித்து, பூட்டி வைத்திருந்த கொட்டாஞ்சேனை வீட்டின் திறப்பைத் தானாகவே என் கையில் தந்தான்.

இப்போது என் வீட்டு மேசையில் நிமிர்ந்திருந்துதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் மகனும் பேத்தியும் வந்திருக்கிறார்கள்.

பிள்ளை, இஞ்ச வா. இதை முதலில இருந்து வாசி, கேப்பம். உன்ர அப்பாவைப் பற்றி எழுதின இடம் வந்தால் விழுங்காதை. அவர் முன்னறையிலதான் இருக்கிறார், சத்தமாய் வாசி.