பிரியாவிடைக் கார்டை ஒளித்து வைத்த நாள்

போன வருஷம் குளிர் தொடங்கிய மாதம், சிட்னியில் பரமட்டாவுக்குக் கிட்ட இருக்கிற ஒரு முதியோர் இல்லத்தில் நடந்தது இது. அங்கே உடுப்புத் தோய்க்கிற பகுதியில் நான் வேலை செய்கிறேன். இந்த வயதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வீட்டில் இருந்தால் மகள் டிவியைப் போட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடுவாள். அங்கே போனால் துவாய் மடித்துக்கொண்டே நாள் முழுக்கக் கதைக்கலாம். மெஷினால் எடுத்த துவாயின் சூடு குளிர்காலத்தில் கைக்கு எவ்வளவு சுகம் தெரியுமா! சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள்.

என்னோடு நின்றவள் மதுரைப் பக்கத்துப் பிள்ளை. உடுப்பில் தைத்திருக்கும் பெயரை அவள் வாசித்துப் பிரிப்பாள், நான் மடிப்பேன். எனக்கு எழுத்துத் தெரியாதென்பது அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்தால் வேலையால் நிற்பாட்டிவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.

அந்த வருஷம் இல்லம் வேறு முதலாளிமாரின் கைக்குப் போனது. முதலில் வேலையாட்களுக்குத் தந்த மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். பிறகு ஸ்டேஷனிலிருந்து எங்களை ஏற்றிவரும் வான் நின்றது. கடைசியில் தேநீர் அறையில் இருந்த பிஸ்கட் டின்னும் வெறுமையாகிவிட்டது. பிஸ்கட்டுக்காக யாராவது வேலையை விடுவார்களா? ஆனால் அந்த வெறும் டின்னைத் திறந்து பார்க்கிற ஒவ்வொரு தடவையும், நாங்கள் ஒருத்தருக்கும் வேண்டாதவர்கள் மாதிரி இருந்தது. ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

யாராவது போனால் அங்கே ஒரு வழக்கம். பெரிய கார்ட் ஒன்றைப் போகிறவருக்குத் தெரியாமல் சுற்றுக்கு விடுவார்கள். எல்லோரும் இரண்டு வரி எழுத வேண்டும். கடைசி நாள் கேக் வெட்டிக் கார்டைக் கொடுப்பார்கள். என் பங்கையும் மதுரைப் பிள்ளையே எழுதுவாள். ஒருமுறை, போகிற நர்ஸ் ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்துச் சிரியோ சிரியென்று சிரித்தாள்.

"என்னடி எழுதினனி?" என்று மதுரைப் பிள்ளையிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா, அவ பாட்டு நின்னா கெழவங்க எல்லாம் இனி நிம்மதியா தூங்குவாங்கன்னு எழுதினேன்."

இப்படிப்பட்டவள் ஒரு நாள் தானும் போகிறேன் என்றாள். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். இரண்டு நாள் நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மனம் கேட்காமல் புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு போனேன்.

அவளுடைய கடைசி நாளுக்கு முதல்நாள், எங்கள் சூப்பர்வைசர், ஒரு பிலிப்பைன்ஸ் பெண், கார்டை இரகசியமாக என் கையில் தந்தாள். நீதான் அவளுக்குக் கிட்டின ஆள், நீயே முதலில் எழுதி மற்றவர்களிடம் கொடு என்றாள். மதுரைப் பிள்ளையின் கார்டில் எழுதித் தா என்று அவளிடமே கேட்கலாமா? பேத்தி எழுதித் தருவாள் என்று கார்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வந்து பார்த்தால் வீட்டில் மருமகன் மட்டும்தான். மகளும் பேத்தியும் மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் இருக்கிற மச்சாள் வீட்டுக்குப் போகிற நாள் அன்றுதான் என்பது என் தலையில் ஏறவே இல்லை. மருமகனிடம் போய் எழுதித் தாருங்கோ என்று கேட்க எனக்கு வாய் வருமா? வெட்கம் பிடித்துத் தின்றது.

மறுநாள் மேய்ஸ் ஹில் கோயில் முருகனை நினைத்துக்கொண்டே வெறும் கார்டோடு போனேன். மத்தியானம் கேக் வந்தது. கார்ட் எங்கே என்று ஆளை ஆள் பார்த்தார்கள். ஒருத்தர் கையிலும் அது போகவில்லையே! குசினியில் சமைக்கிற யாழ்ப்பாணத்துத் தம்பி என் பக்கம் திரும்பினான்.

"பாத்தீங்களோ அம்மா, புது முதலாளிமார் கார்டையும் நிப்பாட்டிப்போட்டினம்!"

அதையே இங்கிலீஷிலும் உரத்துச் சொன்னான். அவ்வளவுதான். சாப்பாடு, வான், பிஸ்கட் என்று மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்த கோபம் எல்லாம் சூப்பர்வைசர் மேல் பாய்ந்தது. அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். என் முகத்தில் என்னத்தைக் கண்டாளோ, "என்னுடைய பிழைதான், மறந்துவிட்டேன்" என்றாள். நீ கம்பனியின் ஆள் என்று ஒருத்தி கத்தினாள். சூப்பர்வைசரின் கண் கலங்கிவிட்டது.

என் மடியில் பை. பைக்குள் கார்ட். தவறிப் பைக்குள் விழுந்துவிட்டது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவளுடைய கண்ணைப் பார்த்துவிட்டு எப்படி அதைச் சொல்வது? எழும்பிக் கார்டை வெளியே எடுத்தேன்.

"நோ ரைட்," என்றேன். "நோ ரீட். மை மிஸ்டேக்."

வெறும் கார்டை விரித்துக் காட்டினேன். அப்போது மதுரைப் பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப என் கார்டுலயும் நானேதான் எழுதணுமா?"

எல்லோரும் சிரித்ததில் உட்கார்ந்திருந்த கதிரையெல்லாம் கிறீச்சிட்டது. அவள் பேனையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள்.

"சொல்லுங்கம்மா, என்ன எழுத?"

எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்:

"நேரத்துக்குச் சாப்பிடு பிள்ளை. குளிருக்குக் காலுறை போடு."

எழுதி முடிக்க முதலே அவள் அழுதுவிட்டாள். கத்தினவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சூப்பர்வைசரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். குசினித் தம்பி கேக்கில் பெரிய துண்டை அவளுக்கு வெட்டிக் கொடுத்தான்.

எல்லோரும் போன பிறகு, என்னை நிற்பாட்டப் போகிறாயா என்று என் அரைகுறை இங்கிலீஷில் சூப்பர்வைசரிடம் கேட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாதென்று நான் வேலைக்கு வந்த இரண்டாம் மாதமே அவளுக்குத் தெரியுமாம். நான் வேலை அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டியதைப் பார்த்தாளாம்! வீட்டில் யாராவது எழுதித் தருவார்கள் என்று நினைத்துத்தான் கார்டை முதல்நாளே என் கையில் தந்தாளாம். திங்கட்கிழமை வந்த புதுப் பிள்ளையிடம், பெயரை நீ வாசி, மடிக்க இவரிடம் பழகு என்று அவளே சொல்லிவிட்டாள்.

நிறுத்தியது எதுவும் திரும்பி வரவில்லை. ஆட்கள் இன்னமும் போகிறார்கள். நீயும் விட்டுவிட்டு வீட்டில் இரு அம்மா என்று மகள் இதை எழுதும்போதுகூடச் சொல்கிறாள். ஆனால் எங்கோ இருக்கிறவர்கள் மேல் இருந்த கோபத்தையெல்லாம் நாங்கள் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரின் தலையில் கொட்டியபோது, அதை வாங்கிக்கொண்டு என் மானத்தைக் காத்து நின்றாளே, அப்படி ஒருத்தி நிற்கிற இடத்தை விட்டுப் போக எனக்கு இன்னும் மனம் வரவில்லை.