நெல் மூட்டைக்குள் கோப்பிக்கொட்டை

மண்சரிவில் அம்மாவும், அம்மாவின் வீடும், பின்பக்கத்துக் கோப்பிச்செடியும் ஒன்றாகப் போயின. மிஞ்சியது, முந்தின கிழமை அம்மா தங்கச்சிக்குக் கொடுத்திருந்த ஒரு பிடி கோப்பிக்கொட்டை. நான் மலையகத்தில் பிறந்து, திருகோணமலைத் துறைமுகத்தின் எதிர்க்கரையில் சம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். செத்தவீடு முடிந்து திரும்பும்போது, பள்ளிக்கூட முகாமில் இருந்த தங்கச்சி அந்தக் கொட்டையை என் கையில் வைத்தாள்.

"உங்க ஊரு சூட்டுக்குச் சீக்கிரம் முளைக்கும்க்கா. அரசாங்கம் எங்களுக்குப் புதுக் காணி குடுத்தா வாசல்ல ஒரு செடியாச்சும் வைக்கணும்" என்றாள்.

அன்றே பயம் பிடித்துக்கொண்டது. கோப்பிக்கொட்டை வைத்திருக்க வைத்திருக்க உயிர் போய்விடும். விதைத்தாலும் முளைக்க இரண்டு மாதம் எடுக்கும். மேல் ஓட்டை உரித்தால் கொஞ்சம் முந்தி வரும் என்று கேள்விப்பட்டு, நாற்பத்துமூன்றையும் நகத்தாலேயே உரித்தேன். ஒன்றில் கீறல் விழுந்ததற்கு அழுதேன். பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். என் வீட்டுக்காரர் வயல்காரர். ஊறிய நெல்லை ஈரச் சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடிப் பாரம் வைத்தால் இரண்டு நாளில் முளை காட்டும். அவருக்கு உலகத்தில் உள்ள எல்லா விதையும் நெல்தான்.

"உந்தக் கொட்டையையும் விதைநெல்லோட வைப்பம். நான் எத்தினை போகம் விதைச்சனான்!"

எனக்கோ அவசரம். தலையாட்டிவிட்டேன். கொட்டைகளைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, நெல் மூட்டையின் நடுவில் செருகினார்.

மூன்றாம் நாள் காலை மூட்டைக்குள் கையை விட்டேன். சுட்டது. நெல் வெள்ளைவெளேரென்று முளைத்திருந்தது. கோப்பிக்கொட்டை கறுத்து, வழுவழுத்து, புளித்த நாற்றம் அடித்தது. அம்மாவை இரண்டாம் தரமும் சாகக் கொடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் குந்தியிருந்து ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார். கெட்டியாக இருந்தவை பதினொன்று. அவற்றை ஒரு பெட்டியில் ஆற்று மணலுக்குள் புதைத்து நிழலில் வைத்தார்.

அதன்பிறகு நான்தான் காவல். தினமும் காலையில் ஒரு விரலால் மணலைக் கிளறிப் பார்ப்பேன். அழுகியிருக்குமோ என்று ஒரு பயம், கிளறியே கெடுத்துவிடுவேனோ என்று இன்னொரு பயம். தங்கச்சி அழைத்தால் போனை எடுக்கவும் பயம். எடுத்தாலும் மழையைப் பற்றி, முகாம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு மழுப்பிவிடுவேன்.

நேற்று அவள் விடவில்லை. "முளைச்சிருச்சாக்கா?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நெல் மூட்டை, சூடு, மிஞ்சிய பதினொன்று, தினமும் தோண்டிப் பார்ப்பது. ஏசப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"தோண்டாதக்கா" என்றாள். "இங்க மூணு நாள் தோண்டித்தான் அம்மாவ எடுத்தோம். அதயாச்சும் மண்ணுக்குள்ள இருக்க விடு."

இன்று காலை தண்ணீர் மட்டும் தெளித்தேன்.