நான்கு மணி நேர துபாய்

சிவகாசியில் நான் டைரி பைண்டிங் செய்தபோது, கடைசிப் பக்கத்தில் விமானப் பயண நேரப் பட்டியல் ஒன்று இருக்கும். சென்னையிலிருந்து துபாய்க்கு நான்கு மணி நேரம். அங்கே வேலைக்குக் கிளம்பியபோது அதைக் காட்டித்தான் அம்மாவைச் சமாதானப்படுத்தினேன்.

"அப்ப நான் செத்தா என் மய்யித்து முகத்தப் பாக்க வந்துருவ" என்று சிரித்தாள்.

அவள் இறந்த செய்தி வந்தபோது என் பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில் இருந்தது. சாவி வைத்திருந்த மேனேஜர் நம்ம ஊர்க்காரர், லீவில் இருந்தார்.

"நாலு மணி நேரந்தானலே, ஏன் பதறுத? ஞாயித்துக்கெழம வாறேன்" என்றார் போனில்.

முஸ்லிம்களான எங்களில் அடக்கத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள். நான்காம் நாள் எங்கள் ஊர் விருதுநகரில் இறங்கினேன். கபர் மண் காய்ந்திருந்தது.

ஆயிரக்கணக்கில் நானே தைத்த டைரிப் பக்கம் அது. அடுத்தவன் பூட்டிய பீரோ திறக்க எத்தனை நாள் என்று அதில் எவனும் அச்சடிக்கவில்லை.