ஒதுக்கி வைத்த சோறு

விழிதியூர் அரிசி மில்லில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்த அந்தோணிமுத்து என் அக்கா சலோமியின் கணவர். அரிசியாலேயே பிழைத்த அந்த மனிதர் 1981இல் சோறு தின்பதை நிறுத்தினார். அதில் என் பங்கும் உண்டு.

அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் அவருக்குச் சர்க்கரை என்று சொல்லி, சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். மூன்று வேளையும் சோறு தின்கிற ஊரில் எந்த வேளையைக் குறைப்பது? பாரீசில் இருந்த எனக்கு அத்தான் கடிதம் போட்டார். நெல் விதைக்கக் கற்குமுன் மனிதன் என்னதான் தின்றான் என்று கேட்டிருந்தார். பிரெஞ்சும் படித்தவன், எனக்குத் தெரியாதது இருக்காது என்று அவருக்கு நினைப்பு. ஒரு பத்திரிகையில் படித்ததைத் தமிழில் எழுதி அனுப்பினேன். விவசாயம் வந்து பத்தாயிரம் வருஷம்தான் இருக்கும்; அதற்கு முன் லட்சக்கணக்கான வருஷம் வேட்டை, மீன், கிழங்கு, காய், கனி. தபாலில் போட்ட பிறகு, மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுவாரோ என்று பயந்து இன்னொரு கடிதமும் எழுதினேன்.

மாத்திரையை நிறுத்தவில்லை. காலையில் முட்டை, மதியம் மத்தியோ சங்கராவோ கீரையோடு, ராத்திரி மறுபடியும் மீன். மில்லுக்கு நெல் கொண்டுவருகிறவர்களிடமே பிரசங்கம் செய்தாராம். நெல்லை அவித்து, காயவைத்து, எஞ்சினில் உமியை உடைத்து, மறுபடி வேகவைத்து... இத்தனை பாடு படுத்துகிற ஒன்றைத் தின்னவா மனிதன் பிறந்தான் என்று கேட்பாராம். முதலாளி காதில் விழாமல் பார்த்துக்கொண்டது ஒன்றுதான் கெட்டிக்காரத்தனம். ஆதாம் என்ன தின்றார் என்று அக்கா மடக்கப் பார்த்தாள். பழம்தான், சோறு இல்லையே என்றார். பக்கத்து வீட்டு பீர் மைதீன் மட்டும் விடவில்லை. “எங்களுக்கு நோம்பு முப்பது நாளுதாண்ணே. ஒங்களுக்கு வருசம் பூராவுமா?”

அடுத்த வருஷம் மகள் ஜெயமேரிக்குப் போலகத்திலிருந்து வரன் வந்தது. பையன் வாத்தியார். தகப்பன் இல்லை, தாய் லூர்தம்மாள்தான் எல்லாம். பையனைப் பெண்ணுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள், சம்மதம் இருந்தால்தான் அங்கே கை நனைப்பார்கள். சாப்பிடாமல் எழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம்.

போலகத்தில் அத்தானின் இலையில் சோற்றைக் குவித்தார்கள். சர்க்கரை என்று சொன்னால், நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்று விலகிவிடுவார்களோ என்று அத்தானுக்குப் பயம். வாயைத் திறக்காமல் மீனையும் பொரியலையும் தின்றுவிட்டு, சோற்றை ஓரமாய் ஒதுக்கி, அதன் மேலேயே இலையை மூடினார்.

இலை எடுத்த லூர்தம்மாள் பார்த்துவிட்டார். மூன்றாம் நாள் தரகர் வந்தார். பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம், எங்கள் வீட்டுச் சோற்றை இப்படி மூடி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டாம் என்று அந்த அம்மாள் சொன்னாராம். ஜெயமேரி மதியம் அப்பாவுக்கு மீனை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அத்தான் அதைத் தொடாமல் சைக்கிளை எடுத்தார்.

போலகத்தில் நடந்ததை நான் லீவில் வந்தபோது அவரே சொன்னார். முதலில் ஆதி மனிதனிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். லூர்தம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க அரிசி மில்லுலதானே வேலை பாக்குறீங்க?” என்றாராம். அதற்குமேல் ஆதி மனிதன் கைகொடுக்கவில்லை. தனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்.

“இத மறைச்சா பொண்ணு குடுக்கப் பாத்தீங்க?”

“ஆமாங்க. பயந்துட்டேன். எம்பொண்ணுக்கு இப்ப ஒண்ணும் இல்லீங்க. பின்னால வருமா வராதான்னு எனக்குத் தெரியாது.”

அந்த அம்மாள் உள்ளே போய் மகனிடம் பேசினார். என்ன பேசினார்கள் என்று அத்தானுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தவர் இலையைப் போட்டு, வாளை மீன் வறுவலும் ஒரு கிண்ணத்தில் குழம்பும் வைத்தார். சோறு வைக்கவில்லை. சந்தோஷத்தில் அத்தானுக்குத் தத்துவமெல்லாம் மறந்துபோயிற்று. முறைக்காக ஒரு கரண்டி சோறு போடச் சொன்னார்.

“அதெல்லாம் கெடையாது. கொழம்புல நனைச்சாலும் கை நனைச்சதுதான். சாப்பிடுங்க சம்மந்தி.”