தங்கைக்கு முதலில் வீடு

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். வெளியூர்க்காரர் கேட்டால், பெண்ணின் பெயரில் வீடு இருப்பது நல்லதுதானே என்பார்கள். பள்ளி விவாதப் போட்டியில் நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன்.

என் கல்யாணத்தோடு அம்மாவும் அப்பாவும் தங்கையும் வீட்டை எனக்கு விட்டுவிட்டுப் பின்வளவில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு போனார்கள். வாவிக் காற்றுக்கு அந்தத் தகரம் அடிப்பது என் அறைக்குக் கேட்கும்.

போன வருடம் தங்கைக்குக் கம்பஸ் கிடைத்தது; பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். அம்மா சந்தோஷப்பட்டார். பிறகு மீன் கழுவிக்கொண்டே சொன்னார்:

"நாலு வருசம் படிச்சா வீட்ட ஆரு கட்டுற? கார்மென்டுக்குத் தைக்கப் போகட்டும். அத்திவாரமாவது போடலாம்."

அப்பா தோணியில் பிடிப்பது சாப்பாட்டுக்கே சரி. அம்மா சொன்னது பிழையென்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை. ஆனால் அண்ணன் மூன்று முறை உயர்தரப் பரீட்சை எழுதியபோது யாரும் அவரிடம் வீட்டைப் பற்றிக் கேட்டதில்லை. அவருக்கு வீடு களுவாஞ்சிக்குடியில், அண்ணியின் பெயரில் கிடைத்தது.

"இந்த வீட்டுல பாதிய அவளுக்கு எழுதுறனம்மா," என்றேன்.

"பாதி வீட்டுக்கு எவன்கா வருவான்? மருமகன்ட வீட்டாக்கள் கேட்டா நான் என்ன சொல்லுற?"

எங்கள் மகளை ஏணையில் ஆட்டிக்கொண்டிருந்த என் கணவர், "மாமி சொல்லுறதும் சரிதான்," என்று மட்டும் சொன்னார்.

தங்கை கொட்டிலிலிருந்து வந்தாள். "என்னய ஏலம் போடாதீங்க. பாதியும் வேணாம், முழுசும் வேணாம். நாளைக்குக் கம்பஸில பதியக் கடைசி நாள். ஆராவது கூட வாறீங்களா?"

"இந்த வாயோட போனா மாப்பிள்ள வரிசையிலதான் நிப்பான்," என்றார் அம்மா.

மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போனேன். இறங்கித் திரும்பிவிடலாமா என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தேன். ஆனாலும் பதிந்துவிட்டு வந்தோம்.

அதன்பிறகு அம்மா என்னோடு பேசுவதில்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட வருவார், குளிப்பாட்டிவிட்டுப் போவார். மாலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் படிப்பித்து, அந்தக் காசைத் தங்கையின் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கிறேன். வீடில்லையென்று அவளைக் கட்ட ஒருவரும் வராவிட்டால் பழி என் மேல்தான் விழும். நான் செய்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

போன கிழமை மாமியார் வந்து, எங்கள் மகளுக்குக் கட்டவேண்டிய வீட்டுக்கு இப்போதிருந்தே கல் வாங்கி அடுக்கச் சொன்னார். என் கணவர் தலையாட்டினார்.

"முதல்ல தங்கச்சி படிச்சு முடிக்கட்டும் மாமி," என்றேன்.

சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனேன். சீனியைக் கீழே கொட்டிவிட்டேன்.