வளைந்த மேற்கோள் குறி

எங்கள் அலுவலகத்தில் கணினிக்கு ஒரு கட்டளை கொடுக்க வேண்டுமென்றால் அதைக் கையால் அடிக்கக் கூடாது. அடித்தால் பிழை வருமாம். முதலில் வேர்டு கோப்பில் எழுதி, மேலாளர் ஒப்புதல் தந்தபின் அங்கிருந்து நகலெடுத்துத்தான் ஒட்ட வேண்டும். இந்த ஞானம் யாருக்கு எந்த மரத்தடியில் பிறந்ததோ!

அன்றைக்கு எனக்குத் தலைபோகிற அவசரம். மறுநாள் காலை தென்காசியில் என் மகளுக்குப் பேர் வைக்கிறார்கள். அப்பன்தான் காதில் பேரைச் சொல்ல வேண்டும். பூந்தமல்லியில் மாலை பஸ். அதற்குள் பருத்திப்பட்டு வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரே ஒரு கட்டளையை ஓடவிட்டால் என் வேலை முடிந்தது. ஒட்டினேன். ஓடவில்லை.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கட்டளையில் மேற்கோள் குறி செங்குத்தாக நிற்க வேண்டும். வேர்டோ அழகு பார்த்து அதை வளைத்துவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு ஒவ்வொரு குறியும் ஓர் எண். நேர்க்குறிக்கு ஒன்று, வளைந்ததற்கு வேறொன்று. எண் மாறினால் யாரோ எவரோ.

மேலாளரை அழைத்தேன். "சார், கொட்டேஷன் வளைஞ்சிருக்கு. கையால மாத்திடவா?"

"ஐயையோ, வேணாம். டாக்குமென்ட்டத் திருத்தி அனுப்புங்க. ப்ராசஸ்னு ஒண்ணு இருக்குல்ல?"

அனுப்பினேன். மனிதர் எழுத்துரு பிடிக்கவில்லையென்று, கையால் அடிக்கக் கூடாத அதே வரியைத் தன் கையாலேயே புதிதாக அடித்து ஒப்புதல் தந்தார். வேர்டு மறுபடி வளைத்தது.

கீழே காத்திருந்த ஆட்டோக்காரர் போன் செய்தார். "இன்னா சார், வர்றியா இல்லியா? பஸ்ஸு போய்கினே இருக்கும்!"

அவரை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையும் அதே கூத்து. மடிக்கணினியில் மேலாளர், கைப்பேசியில் மனைவி.

"ஏங்க, நல்ல நேரம் முடியப் போவுது. போனப் பாப்பா காதுல வைக்கேன், பேரச் சொல்லுங்க" என்றாள்.

வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மேலாளர், "கடைசியா கேக்கறேன், அந்தக் குறி எப்படித்தான் இருக்கணும்?" என்றார்.

வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன். "நேரா நிக்கணும்யா! வளையவே கூடாது!"

தென்காசியில் பாப்பா வீறிட்டு அழுதாள். "ஏன் இப்பிடிக் கத்துதீய?" என்றாள் மனைவி. அப்புறம் போனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். என் மகளின் பேரை அவள் மாமன் சொல்வது தூரத்தில் கேட்டது.